சுண்டை வேரில் கத்தரி: நூற்புழு பிடித்த பத்து சென்டில் இரண்டு ஆண்டுகள்

2025 ஜூலை கடைசி ஞாயிறன்று, காய்ப்பு முடிந்த கத்தரிச் செடிகளில் அறுபதை வேரோடு தோண்டி, தொட்டித் தண்ணீரில் அலசி, நனைத்த சாக்கின் மேல் மூன்று வரிசையாகப் பரப்பினேன். முதல் வரிசையில் இருந்தவை வழக்கமான நாற்றுகள். சல்லிவேர் ஏறக்குறைய இல்லாமல், சின்னச் சின்ன இஞ்சித் துண்டுகளைக் கோத்து வைத்தது போல அவற்றின் வேர்கள் முடிச்சு முடிச்சாக இருந்தன. மண்ணில் வாழ்ந்து வேருக்குள் நுழையும் நூற்புழு என்ற நுண்ணிய புழுவின் வேலை அது. இரண்டாம் வரிசை, சுண்டைக்காய்ச் செடியின் வேரில் நான் ஒட்டுக் கட்டிய கத்தரி. அதன் வேரை விரலால் கோதினால் தலைமுடி போலப் பிரிந்து வந்தது. மூன்றாம் வரிசையும் ஒட்டுச் செடிகளே என்றாலும், ஒவ்வொன்றிலும் மேலே இருந்த வேர் முடிச்சு பிடித்தும் கீழே இருந்த வேர் சுத்தமாகவும் இருந்தது. அந்த மூன்றாம் வரிசை என் கவனக்குறைவால் வந்தது. இந்தப் பதிவை எழுதத் தூண்டியதும் அதுதான்.

நிலம் ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கிறது. மொத்தம் 60 சென்ட், மணல் கலந்த செவல் மண், கிணற்றுப் பாசனம், நான்கடி இடைவெளியில் சொட்டுநீர்க் குழாய். 2023 ஆடிப்பட்டத்தில் பச்சை வரிக் கத்தரி வைத்திருந்தேன். நாற்றை அந்த முறை நானே விடாமல் வெளியில் ஒரு நாற்றங்காலில் வாங்கினேன். பாத்தியில் விட்டுப் பிடுங்கிக் கட்டிய நாற்று, நூறு நூறாகக் கட்டு. இலையைப் பார்த்தேன், தண்டைப் பார்த்தேன், விலையைப் பேசினேன். வேரைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நட்டு நாற்பது நாளில் மோட்டார் அறைப் பக்கம் சுமார் பத்து சென்ட் மட்டும் பின்தங்கியது. நண்பகலில் இலை தொங்கிவிடும், மாலையில் எழுந்து நின்றுவிடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து சொட்டுநீர் நேரத்தைக் கூட்டினேன். இலை வெளுத்தபோது துத்தநாக சல்பேட்டும் இரும்புச் சத்தும் தெளித்தேன். பிறகு வாடல் நோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து வேரில் ஊற்றினேன். இந்த மூன்று வைத்தியத்துக்கும் சேர்த்து 3,800 ரூபாய் ஆனது. வாடல் நோய் கண்ட செடி தொடக்கத்தில் மாலையில் எழுந்து நின்றாலும், பிறகு எழாமலே வாடிவிடும் என்ற சாதாரண விஷயம் கூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் மாதம், களையோடு சேர்ந்து ஒரு கத்தரிச் செடியும் கையோடு வந்தபோதுதான் வேரைப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நிதானமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடலைச் செடியில இருக்கிற முண்டுதானப்பா, சத்தைப் புடிச்சு வச்சிருக்கு, நல்லதுதான்" என்றார். வரப்பில் நின்ற தட்டைப்பயறு ஒன்றைப் பிடுங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தட்டைப்பயற்றின் முண்டு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டை விரலால் தேய்த்ததும் உதிர்ந்தது, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. கத்தரியில் இருந்தது உதிரவில்லை. வேரே வீங்கியிருந்தது. ஒரு முடிச்சை சவர பிளேடால் கீறிப் பார்த்தபோது, ஊசி முனை அளவுக்கு, முத்துப் போல வெளுத்த ஒன்று பளபளத்தது. அது பெண் நூற்புழு. முட்டைகளை ஒரு பசைக்குள் பொதிந்து வேரின் மேல் விட்டுவைக்கும், ஒரு பசை உருண்டையில் சில நூறு முட்டைகள் இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். ஆறு மாதம் காய்க்கும் பயிரில் இது எத்தனை சுற்று வரும் என்று விரல்விட்டு எண்ணியபோதுதான் பயம் வந்தது.

உறுதி செய்துகொள்ள, வேர்ப்பகுதி மண்ணையும் சல்லிவேரையும் ஈரம் காயாமல் பாலித்தீன் பையில் கட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வேர்முடிச்சு நூற்புழு, மெலாய்டோகைன் இன்காக்னிட்டா என்றும், 200 கிராம் மண்ணில் 460 இளம்புழுக்கள் என்றும் பதில் வந்தது. இது புதிதாக வந்த தொல்லை ஒன்றும் இல்லை. 1901இல் நீலகிரியின் தேவாலா எஸ்டேட்டில் தேயிலை வேரில் இதைப் பார்த்து பார்பர் எழுதியதே இந்தியாவில் வேர்முடிச்சு நூற்புழு பற்றிய முதல் பதிவு. பிற்காலத்தில் கோவையில் கரும்பு ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டவரும் அதே பார்பர்தான்.

அடுத்த கேள்வி, நிலத்தில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பது. ஒவ்வொரு மூலைக்கும் ஆய்வகக் கட்டணம் கட்ட மனம் வரவில்லை. ஆகவே 2024 மாசியில் எட்டுத் தொட்டிகளை எடுத்து, நிலத்தின் நான்கு இடங்களில் ஒரு சாண் ஆழத்திலிருந்து மண் எடுத்து, இடத்துக்கு இரண்டு தொட்டி வீதம் நிரப்பி, தென்னை நார்க் கழிவில் வளர்த்த சுத்தமான தக்காளி நாற்றை நட்டேன். தக்காளி வேரில் நூற்புழு தாமதமில்லாமல் முடிச்சுப் போடும் என்பதால் அதைச் சாட்சியாக வைத்துக்கொண்டேன். முப்பத்தைந்தாம் நாள் மண்ணோடு கவிழ்த்து, அலசி, முடிச்சுகளை எண்ணினேன். எண்ணுவதற்கு 0 முதல் 5 வரையிலான வழக்கமான அளவுகோல் ஒன்று உண்டு: முடிச்சே இல்லாவிட்டால் 0, ஒன்றிரண்டு இருந்தால் 1, பத்து வரை 2, முப்பது வரை 3, நூறு வரை 4, நூற்றுக்கு மேல் 5. மோட்டார் அறைப் பக்கத்து இரண்டு தொட்டிகளுக்கும் 5 கிடைத்தது. கிழக்குப் பக்கம் 2. மற்ற இரண்டு இடங்களிலும் 0. ஆக பத்து சென்ட் முற்றிய நிலையிலும், அதை ஒட்டிய பகுதி தொடக்க நிலையிலும் இருந்தன. அந்தப் பத்து சென்டில் உழுத ரொட்டவேட்டரையும் மண்வெட்டியையும் கழுவாமல் மற்ற இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டேன். டிராக்டர்காரருக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. இப்போது அவரே தண்ணீர்க் குழாயைக் கேட்கிறார்.

சித்திரையில் இரண்டு கோடை உழவு போட்டுக் காயவிட்டு, பிறகு மண்ணை நனைத்துப் பாலித்தீன் தாளால் மூடி வெயிலில் வேகவைத்தேன். இதில் ஒரு சிக்கனம் செய்யப் பார்த்து ஏமாந்தேன். ஐந்து சென்டுக்கு 25 மைக்ரான் கண்ணாடித் தாள் வாங்கினேன். 950 ரூபாய் ஆனது. மீதி ஐந்து சென்டுக்கு, வீட்டில் கிடந்த பழைய கறுப்பு நிலப்போர்வைத் தாளையே விரித்துவிட்டேன். கறுப்புதானே அதிகச் சூடு பிடிக்கும் என்ற கணக்கு. கறுப்புத் தாள் தான் சூடாகும், மண்ணுக்கு விடாது. 280 ரூபாய்க்கு வாங்கிய ஊசி வெப்பமானியை மதியம் இரண்டு மணிக்குச் செருகிப் பார்த்தபோது, கண்ணாடித் தாளின் கீழ் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் 51 டிகிரியும் 15 சென்டிமீட்டரில் 42 டிகிரியும் இருந்தன. கறுப்புத் தாளின் கீழ் அதே ஆழங்களில் 44, 37. திறந்த மண்ணைவிட இரண்டு டிகிரிதான் கூடுதல். ஆறு வாரம் மூடி வைத்தேன். இடையில் கோடை மழை தாளின் மேல் குளம் கட்டியது, நாய் இரண்டு இடத்தில் கிழித்தது, பிளாஸ்டர் ஒட்டிச் சமாளித்தேன்.

மாசியிலிருந்து சித்திரை வரை நிலத்தைத் தரிசாகப் போட்டிருந்தபோது இன்னொரு தவறும் நடந்தது. சும்மா கிடந்த நிலத்தில் மணத்தக்காளி தானாக முளைத்திருந்தது. கீரைக்கு ஆகுமே என்று விட்டுவைத்தேன். உழவுக்கு முன் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் நிறைய முடிச்சு. நிலத்தைப் பட்டினி போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, நூற்புழுவுக்கு மூன்று மாதம் கத்தரியின் சொந்தக்காரச் செடியையே பரிமாறியிருக்கிறேன்.

2024 ஆடிப்பட்டத்துக்கு நாற்றைக் குழித்தட்டில் நானே விட்டேன். பத்து சென்டுக்கு 40 கிலோ வேப்பம் புண்ணாக்கு, கிலோ 37 ரூபாய் வீதம் 1,480 ரூபாய். நூற்புழுவின் முட்டைகளைத் தாக்கும் பர்புரியோசிலியம் லிலாசினம் என்னும் பூஞ்சைக் கலவை ஒரு கிலோவை 100 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரச் சாக்குப் போட்டுப் பதினைந்து நாள் வைத்து, நடவு வரிசையில் இட்டேன். கடைகளில் இது பேசிலோமைசிஸ் என்ற பழைய பெயரில்தான் கிடைக்கும். சுற்றிலும் வரப்பு ஓரமாகச் செண்டுமல்லி வைத்தேன். செண்டுமல்லியின் வேர்தான் நூற்புழுவை அடக்குகிறது, பூவோ வாசனையோ அல்ல. ஆகவே அந்த வேர் நிலம் முழுவதும் அடர்ந்து இரண்டு மூன்று மாதம் நின்றால்தான் பலன் தெரியும். வரப்பில் வைத்த எனக்கு ஆயுதபூஜைக்குப் பூ மிச்சமானது, அவ்வளவே.

அந்தப் பயிர் எழுபது நாள் வரை மிக நன்றாக இருந்தது. பக்கத்துப் பெரியவரை அழைத்துக் காட்டி, கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டேன். தொண்ணூறாம் நாளுக்குப் பிறகு அதே பழைய நண்பகல் வாட்டம் தலைகாட்டியது. ஐந்தாம் மாதம் பிடுங்கிப் பார்த்தபோது கண்ணாடித் தாள் போட்ட பக்கம் முடிச்சு அளவு சராசரியாக 3, கறுப்புத் தாள் பக்கம் 4. மேல்மண்ணில் புழு குறைந்தது உண்மை. ஆனால் வெப்பம் எட்டாத ஆழத்தில் மிஞ்சியிருந்தவை, வேர் கீழே இறங்கியதும் மீண்டும் பெருகியிருக்கின்றன. குறுகிய காலக் கீரைக்கு இந்த ஏற்பாடு போதும். ஆறு மாதக் கத்தரிக்குப் போதவில்லை. ஊரில் இன்னும் சிலர் பழைய குருணை மருந்தை நினைத்து ஏங்குகிறார்கள். அவர்கள் சொல்லும் போரேட் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டது. தடை இல்லாவிட்டாலும், வாரம் இரண்டு முறை காய் பறிக்கும் செடியின் அடியில் அதைப் போட எனக்குத் துணிவு இருந்திருக்காது.

புழுவை விரட்டுவதைக் கைவிட்டு, வேரையே மாற்றிவிடுவது என்ற எண்ணம் அந்த நண்பகல் வாட்டம் திரும்பியபோதே வந்துவிட்டது. சுண்டைக்காய்ச் செடியின் வேருக்குள் நூற்புழு நுழைந்தாலும் அங்கே வளர்ந்து முட்டையிட முடிவதில்லை. கத்தரியும் சுண்டையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால் ஒட்டும் பிடிக்கும். தக்காளியில் நூற்புழுவைத் தாங்கும் ரகங்கள் இருக்கின்றனவே, அதற்கு மாறிவிடலாமா என்றும் ஒருமுறை யோசித்தேன். அந்த ரகங்களில் உள்ள எதிர்ப்புத் தன்மை மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்துவிடும். என் நிலத்துத் திறந்த மண்ணில் சித்திரையில் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் 35 டிகிரி அளந்திருந்தேன். ஆகவே சுண்டையே என்று முடிவானது.

சுண்டை எங்கள் கொல்லையிலேயே முளைத்துக் கிடக்கும் செடி என்பதால், விதை பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. 2024 அக்டோபரில், குழம்புக்குப் பறிக்கும் பக்குவத்தில் இருந்த காய்களைக் கீறி விதை எடுத்து, 98 குழி கொண்ட மூன்று தட்டுகளில் விதைத்தேன். ஒரு மாதத்தில் 294 குழிகளில் 37 முளைத்தன. முற்றாத காய், அதோடு இந்த விதைக்கு இயல்பிலேயே உறக்கம் உண்டு. இரண்டாம் முறை, செடியிலேயே மஞ்சளாகப் பழுத்த பழங்களுக்காகக் காத்திருந்தேன். எல்லார் வீட்டிலும் பச்சையாகவே பறித்துவிடுவதால் பழம் கிடைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. நான்கு வீடு ஏறி இறங்கி ஒரு படி சேர்த்தேன். பிசைந்து, ஒரு நாள் நொதிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தினேன். விதையின் உறக்கத்தைக் கலைக்கும் ஜிப்ரெலிக் அமிலம் ஒரு கிராம் பொட்டலம் 160 ரூபாய். அது தண்ணீரில் எளிதில் கரையாது. 50 மில்லி ஸ்பிரிட்டில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, அதில் 5 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் விட்டால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஆகிவிடும், எடை போடத் தராசு தேவையில்லை. அந்தக் கரைசலில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, நவம்பர் 16ஆம் தேதி ஆறு தட்டுகளில் விதைத்தேன். பதினெட்டு நாளில் 588 குழிகளில் 430 முளைத்தன.

சுண்டை தொடக்கத்தில் மிக மெதுவாக வளரும். கத்தரி விதையை 26 நாள் கழித்து, டிசம்பர் 12 அன்று விதைத்தேன். ஜனவரி 8ஆம் தேதி சுண்டைத் தண்டும் கத்தரித் தண்டும் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் பருமனுக்கு வந்தன. இரண்டும் ஒரே பருமனாக இருப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. சிலிக்கான் கிளிப்பும் அந்தப் பருமனுக்கே கிடைக்கிறது, 500 கிளிப் 750 ரூபாய். சவர பிளேடை நீளவாக்கில் இரண்டாக ஒடித்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொண்டு, சுண்டையை மண்ணிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் நேராக வெட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டருக்குப் பிளந்தேன். கத்தரியின் நுனியில் இரண்டு மூன்று இலையை மட்டும் விட்டு, அடியை இருபக்கமும் சீவி ஆப்பு போலாக்கி, பிளவில் இறக்கிக் கிளிப்பைப் போட்டேன். இழுத்துச் சீவாமல் பிளேடை அழுத்தி வெட்டினால் தண்டு நசுங்கிவிடும், நசுங்கிய இடம் ஒட்டாது. ஐம்பது செடிக்கு ஒரு புது பிளேடு. முதல் நாள் மணிக்கு இருபதுதான் முடிந்தது. நான்காவது தட்டு வருவதற்குள் நானும் என் மனைவியுமாக மணிக்கு எழுபது கட்டினோம். அவருக்கு என்னைவிடக் கை சுத்தம்.

வெட்டுவது எளிது, வெட்டிய பின் காப்பாற்றுவதுதான் வேலை. ஒட்டு பிடிக்கும் வரை ஐந்தாறு நாள், இலை தண்ணீரை இழக்காதபடி காற்று ஈரத்தால் நிறைந்திருக்க வேண்டும், வெப்பம் முப்பதைத் தொடக் கூடாது, வெளிச்சமும் மங்கலாக இருக்க வேண்டும். முதல் தட்டை, கம்பியை வளைத்துப் பாலித்தீன் போர்த்திய சிறு கூண்டில் வைத்து வெளியே நிழல்வலைக்குக் கீழ் விட்டேன். மார்கழி மாதம்தானே என்ற அலட்சியம். மதியம் கூண்டுக்குள் 41 டிகிரி. மறுநாள் காலையில் இலைகள் வெந்த கீரையாகத் தொங்கின. 98இல் 11 பிழைத்தன. இரண்டாம் தட்டை மோட்டார் அறைக்குள் அதே கூண்டில் வைத்து, மணிக்கொரு முறை கைத்தெளிப்பானால் தண்ணீர் அடித்தேன். இந்த முறை வெப்பம் சரியாக இருந்தது, ஆனால் நீர் முத்து முத்தாக இறங்கிக் கிளிப்புக்குள் தங்கி, வெட்டுவாயில் அழுகல் வந்தது. 61 தேறின. பொங்கல் கழிந்து ஜனவரி 19, 20 தேதிகளில் கட்டிய இரண்டு தட்டுகளுக்கு, செடியின் மேல் நீர் அடிப்பதையே நிறுத்தினேன். கூண்டின் தரையில் ஈரச் சாக்கை விரித்து, அதன் மேல் தட்டை வைத்து, ஈரம் 90 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கினால் சாக்கை மட்டும் நனைத்தேன். 350 ரூபாய் கொடுத்து வாங்கிய சிறிய ஈரமானி இல்லாவிட்டால் இது முடிந்திருக்காது. ஆறாம் நாளிலிருந்து தினமும் அரை மணி, ஒரு மணி என்று கூண்டைத் திறந்து பழக்கினேன். 196இல் 163 தேறின. கட்டியது மொத்தம் 392, பிழைத்தது 235. நடவுக்கு முன் வெயிலுக்குப் பழக்கும்போது ஏழு விழுந்து, 228 மிஞ்சின.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். குழித்தட்டு பதினான்குக்கு 308, தென்னை நார்க் கழிவுக் கட்டி மூன்றுக்கு 420, ஜிப்ரெலிக் அமிலம் 160, கிளிப் 750, பிளேடும் ஸ்பிரிட்டும் 130, கம்பியும் தாளும் 640, ஈரமானி 350. ஆக 2,758 ரூபாய். பிழைத்த செடிக்குப் பன்னிரண்டு ரூபாய் விழுகிறது. எங்கள் இருவரின் நான்கு நாள் உழைப்பு இதில் சேரவில்லை. கூண்டும் தட்டும் ஈரமானியும் அடுத்த முறைக்கும் ஆகும் என்பது ஆறுதல்.

பிப்ரவரி 10 அன்று அதே பத்து சென்டில் 228 ஒட்டுச் செடிகளையும், அவற்றுக்கு அடுத்தடுத்த வரிசைகளில் 228 சாதாரண நாற்றுகளையும் இரண்டடி இடைவெளியில் நட்டேன். வேப்பம் புண்ணாக்கு இரண்டுக்கும் ஒரே அளவு. ஒட்டுச் செடியை நடும்போது ஒட்டுவாய் மண்ணுக்கு மேல் மூன்று விரற்கடை தெரிய வேண்டும் என்று நானே குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆனால் நாற்பதாம் நாள் மண் அணைக்க ஆட்கள் வந்தபோது, பம்ப்செட் பழுதுக்காக நான் டவுனுக்குப் போயிருந்தேன். கத்தரிக்கு நாற்பதாம் நாள் மண் அணைப்பது எங்கள் பக்கம் சொல்லாமலே நடக்கும் வேலை. நான் திரும்பி வருவதற்குள் நான்கு வரிசை, அறுபது செடிகளுக்கு ஒட்டுவாய் மறையும்படி அழகாக மண் ஏற்றியிருந்தார்கள். நிறுத்தச் சொன்னபோது மூத்த அம்மா ஒருவர், "மண்ணு அணைக்காட்டி காத்துக்குச் செடி சாஞ்சிராதா தம்பி?" என்று கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மீதிச் செடிகளுக்குப் பின்னால் குச்சி ஊன்ற வேண்டி வந்தது. ஏற்றிய மண்ணை இழுத்துவிடச் சோம்பல்பட்டு, நான்கு வரிசைதானே என்று விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு மாதம் ஒட்டுச் செடிகள் ஏமாற்றமாகவே இருந்தன. சாதாரண நாற்று பன்னிரண்டு நாள் முந்திக் காய்த்தது, அந்த நேரத்து நல்ல விலையும் அதற்கே கிடைத்தது. ஏப்ரல் கடைசிக்குப் பிறகு நிலை மாறியது. சாதாரணச் செடி நண்பகலில் தொங்க ஆரம்பித்தபோது ஒட்டுச் செடி இலை விரித்து நின்றது. ஆனால் மண் அணைத்த நான்கு வரிசை மட்டும் நடுவில் எங்கோ தடுமாறிக்கொண்டிருந்தது. நூற்றுப் பத்தாம் நாள் அதில் ஒன்றைச் சுற்றி மண்ணைப் பறித்துப் பார்த்தேன். ஒட்டுவாய்க்கு மேலே, மண்ணுக்குள் புதைந்த கத்தரித் தண்டிலிருந்து புதிதாக வேர் இறங்கியிருந்தது. அந்த வேர் முழுக்க முடிச்சு. இரண்டு விரற்கடை கீழே சுண்டை வேர் சுத்தம். கொடுத்த நல்ல வேரை விட்டுவிட்டு, கத்தரி தன் பழைய வேரையே தேடிப் போட்டுக்கொண்டிருக்கிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு தொல்லை உண்டு. ஒட்டுவாய்க்குக் கீழிருந்து சுண்டை துளிர்க்கும். முள் உள்ள அந்தத் துளிரை வாரம் ஒருமுறை கிள்ளாவிட்டால் அதுவே செடியாகிவிடும். கோயில் திருவிழாவை ஒட்டிய மூன்று வாரம் கவனிக்காமல் விட்டதில் ஏழு செடிகள் முழுச் சுண்டையாகவே மாறிவிட்டன. பிடுங்க மனமில்லை. இந்த ஆண்டு வத்தலுக்குப் பஞ்சமில்லை. தண்டுத்துளைப்பான் ஒட்டுச் செடி, சாதாரணச் செடி என்ற பேதம் எதுவும் பார்க்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

காயை வகை வகையாகத் தனித்தனிக் கூடையில் பறித்து எடை போட்டு எழுதினேன். மண் அணைக்காத ஒட்டுச் செடி 161இல் 402 கிலோ, அதாவது செடிக்கு இரண்டரை கிலோ. மண் அணைத்த 60இல் 96 கிலோ, செடிக்கு 1.6 கிலோ. சாதாரணச் செடி 228இல் 296 கிலோ, செடிக்கு 1.3 கிலோ. சராசரியாகக் கிலோ 21 ரூபாய்க்குப் போனது. மண் அணைக்காத செடிகளில் மட்டும் கூடுதலாக வந்த காய் 193 கிலோ, ஏறக்குறைய 4,050 ரூபாய். செலவும் உழைப்பும் போக இது பெரிய லாபம் இல்லை. நூற்புழு இல்லாத நிலத்தில் இந்த வேலைக்கு அவசியமே இல்லை என்றுதான் சொல்வேன்.

சாக்கின் மேல் பரப்பிய அறுபது செடிகளுக்கு, வகைக்கு இருபது வீதம், முடிச்சு அளவு பார்த்தேன்: சாதாரணச் செடி சராசரி 4.2, மண் அணைத்த ஒட்டு 2.9, அணைக்காத ஒட்டு 0.6. அந்த 0.6 உறுத்தியது; சுண்டை வேரில் முடிச்சு எப்படி வந்தது? பேக்கரிக்காரர்கள் வாங்கும் சிவப்பு உணவுச் சாயத்தைத் தண்ணீரில் கரைத்து, வேர்த் துண்டுகளை இருபது நிமிடம் ஊறவைத்து அலசினேன். முட்டைப் பசை இருந்தால் அது மட்டும் சாயத்தைப் பிடித்துக்கொண்டு சிவப்புப் புள்ளியாகத் தெரியும். கத்தரி வேர் சிவப்பு மணி கோத்தது போல ஆனது. சுண்டை வேரில் கடுகில் பாதி அளவுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த வீக்கங்களில் இருபது செடிக்கும் சேர்த்து மூன்றே புள்ளிகள். புழு உள்ளே போயிருக்கிறது, குடும்பம் நடத்த முடியவில்லை.

அடுத்த முறை ஒட்டை ஐந்து சென்டிமீட்டரில் கட்டாமல் ஏழு எட்டில் கட்டப் போகிறேன். மண் சற்று ஏறினாலும் வாய் மறையாது. மண் அணைப்பதற்குப் பதில் நடும் அன்றே குச்சி ஊன்றிவிட வேண்டும். பொங்கலுக்கு முன் கட்டி முடிப்பதற்காக, சுண்டையை அக்டோபர் கடைசியிலேயே விதைக்க வேண்டும்; அதற்காக இப்போதே இரண்டு சுண்டைச் செடியில் காயைப் பறிக்காமல் பழுக்கவிட்டு, வீட்டில் எல்லாரிடமும் சொல்லி ஒரு சிவப்புத் துணியும் கட்டியிருக்கிறேன். பத்து சென்டில் இந்த ஆடிக்குக் கத்தரி வைக்கவில்லை, இந்த வகைப் புழு தொடாத நிலக்கடலையை விதைத்திருக்கிறேன், மணத்தக்காளி முளைத்தால் அன்றன்றைக்கே பிடுங்குகிறேன். ஒட்டு வரிசை மண்ணையும் சாதாரண வரிசை மண்ணையும் தனித்தனியாக நான்கு தொட்டிகளில் நிரப்பி, மீண்டும் தக்காளி நாற்றை நட்டு வைத்திருக்கிறேன். இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. முப்பத்தைந்தாம் நாள் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.